உப்புக் குறைச்சல்

பேருந்து 975 திரும்பும் இடத்துக்கும் அப்பால்
லிம் சூ காங் சாலை
கடலைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது.
வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் உமரி.
அந்தப் பக்கம் திருமதி ஃபங்கின் கைலான்.
நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால்.

பள்ளியில் படித்தபோது களர்நிலம் என்றால்
உதவாதவர்களுக்கு உவமை சொல்ல மட்டும்
உதவுகிற நிலம்.
இப்போது என் சம்பளம் அதில்தான் விளைகிறது.

காலை ஏழு மணிக்கு
ஒரு சொட்டு நீரைக் கண்ணாடித் தகட்டில் விட்டு
உப்புமானியை வெயிலுக்கு நேரே தூக்கி
ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன்.
நீலமும் வெள்ளையும் தொட்டுக்கொள்ளும் கோடு
இருபதில் நின்றால் நல்ல நாள்.

ஷஹிதுலுக்குக் கருவி வேண்டாம்.
விரலை நனைத்து நாக்கில் வைத்து
"பதினெட்டு" என்பார்.
பெரும்பாலும் பதினெட்டுதான்.
சாத்கிராவில் அவர் நெல்வயலை
ஒரு புயலிரவில் கடல் வந்து எடுத்துக்கொண்டது.
அங்கே உப்பு போகவில்லை என்று இங்கே வந்தேன்,
இங்கே உப்பு போய்விடக் கூடாதென்று வேலை செய்கிறேன்
என்றார் ஒருநாள்.
சிரித்தாரா தெரியவில்லை.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

உமரிக்கு இலையென்று ஒன்றும் கிடையாது.
கணுவுக்கு மேல் கணு,
மருதாணி பிடிக்காத குழந்தை விரல்கள் மாதிரி.
உப்பைக் கண்டு ஒதுங்காது, குடித்துவிடும்;
குடித்ததைத் தனித்தனி அறைகளில் பூட்டிவைத்து
மேலே தண்ணீரை நிரப்பிக்கொள்ளும்.
அதனால்தான் கடித்தால் அப்படி ஒரு நொறுங்கல்.
அதனால்தான் அந்த விலை.

டிசம்பரில் பதினொரு நாள் மழை.
விடாத மழை. தகரக் கூரையில்
யாரோ அரிசி கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
திருமதி ஃபங் குடையில்லாமல்
தன் பாத்திகளுக்கிடையே நடந்து பாடினார்.
கோடு இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கி
நான்கில் வந்து உட்கார்ந்தது.

உமரி சாகவில்லை.
சொல்லப்போனால் கொழுத்தது.
பக்கத்தில் கோரை முளைத்தது, பெயர் தெரியாத புல் முளைத்தது,
நல்ல தண்ணீர் என்றதும்
வராத உறவெல்லாம் வந்தது.

பன்னிரண்டாம் நாள் ரோஸ்லானின் வண்டியில்
ஹோட்டலுக்குப் போன நாற்பது பெட்டியும் திரும்பி வந்தன.
மேலே ஒட்டிய தாளில் தலைமைச் சமையல்காரரின் கையெழுத்து:
உப்புக் குறைச்சல்.

பலதுறை மருந்தகத்தில்
எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்ன அதே வாரம்.

அன்றிரவு ஓதம் ஏறியது மூன்று நாற்பதுக்கு.
எதிரே ஜொகூர் விளக்குகள்
நீரில் நீளமாகக் கிடந்தன.
மற்றவர்கள் அணைபோட்டுத் தடுப்பதை
நாங்கள் மதகைத் தூக்கி உள்ளே விட்டோம்.
ஷஹிதுல் இரும்புச் சக்கரத்தை நான்கு சுற்றுச் சுற்றினார்.
ஐந்தாவது சுற்றுக்கு அவர் கை போகவில்லை.
நான் சுற்றினேன்.

கடல் சத்தமில்லாமல் வந்தது,
வீட்டுக்காரர் மாதிரி.

ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது
வாய்க்கால் கரையில் ஒரு நண்டுப் பொந்து.
கைலானின் கடைசி வரிசை
நுனி கருகி, பிறகு முழுக்கக் கருகி.
திருமதி ஃபங் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்து
என் மேசையில், ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்தார்.
மண் உதிர்ந்தது. அதில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

மழையில் போனது எங்களுக்கு நாற்பது பெட்டி,
ஓதத்தில் போனது அவருக்கு ஒரு வரிசை
என்று கணக்குச் சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
பொந்தை அடைத்தோம். பணம் கொடுத்தோம்.
அந்த வரிசை மண்ணைக் கழுவ
எத்தனை மழை வேண்டும் என்று கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
ஷஹிதுல் குனிந்து ஒரு கிள்ளு எடுத்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்,
எண் எதுவும் சொல்லவில்லை.

போகும்போது திருமதி ஃபங்
தட்டிலிருந்த உமரியில் ஒரு கணுவை ஒடித்துக் கடித்தார்.
முகத்தைச் சுளித்தார்.
இன்னொன்று ஒடித்தார்.

கிலோ என்ன விலை?

சொன்னேன்.
திரும்பச் சொல்லச் சொன்னார்.